பேரலை தொடச்சு தொடச்சே குரூப்பை (குண்டெல்லாம் டார்கெட்ல பக்கத்து பக்கத்துல விழுறது) கெடுத்த கதை: 4 வருஷ .22 அனுபவம்

4 வருஷமா ஒரே .22 போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் (ஒவ்வொரு ரவுண்டுக்கும் போல்ட்டை கையால இழுத்து தள்ளணும்), 50 மீட்டர் டார்கெட், பெரும்பாலும் ப்ரோன் (குப்புற படுத்து சுடுறது) தான். ஆரம்பத்துல எனக்கு ஒரு கிறுக்கு, சுட்டு முடிச்சதும் பேரல்ல சால்வென்ட் (அழுக்கை கரைக்கிற திரவம்) போட்டு பேட்ச் (சின்ன துணித்துண்டு) வெள்ளையா வர்ற வரைக்கும் இழுத்துட்டு தான் பையில வைப்பேன். மறுநாள் முதல் பத்து ரவுண்டும் எங்கெங்கயோ போகும், நான் மூச்சை குறை சொல்லுவேன், ட்ரிகரை குறை சொல்லுவேன், ஸ்லிங்கை (கையில மாட்டுற ரைஃபிள் பட்டை) கூட மாத்திப் பார்த்தேன், பேரல் மேல மட்டும் சந்தேகமே வரல, அதான் பளபளன்னு இருக்கே!

.22ல குண்டு ஈயம், மேல மெழுகோ கிரீஸோ பூசியிருக்கும். அந்தப் பூச்சு பேரல் உள்ள சீரா படிஞ்சா தான் குண்டு ஒரே மாதிரி போகும், தொடச்சா திரும்ப முதல்ல இருந்து. இந்த டார்கெட்ல 10 வளையமே 10.4 மி.மீ தான், குண்டு 5.6 மி.மீ, இம்மி நகர்ந்தாலும் 9 ஆயிடும். அம்மோ (ரவுண்டு) பிராண்டு மாத்தினாலும் இதே கூத்து தான், பூச்சு வேற இல்லையா.

இது தெரிஞ்சதும் அந்தப் பக்கம் சாஞ்சேன், மாசக்கணக்கா தொடவே இல்ல. கொஞ்ச நாள் சூப்பர். அப்புறம் நாலு ஒரே ஓட்டைல, அஞ்சாவது தனியா. கூடவே ரவுண்டை உள்ள தள்ளும்போது போல்ட் லேசா இறுகுச்சு, அதை அப்பவே கவனிச்சிருக்கணும். சேம்பர் (ரவுண்டு உக்காருற இடம்) தாண்டி ரைஃபிளிங் (பேரல் உள்ள இருக்கிற சுருள் வரி) ஆரம்பிக்கிற இடத்துல கரி கெட்டியா வளையம் கட்டியிருந்துச்சு. வெறும் பேட்ச் அதை ஒண்ணும் பண்ணாது, கார்பன் சால்வென்ட்ல ஊற விட்டு பிரான்ஸ் பிரஷ் போட்டா தான் கழண்டு வருது.

பேட்ச் நீலமா வந்துச்சு, காப்பர் இருக்குன்னு ஒரு தடவை பதறினேன். வெறும் ஈயக் குண்டுல காப்பர் எங்க இருந்து வரும், அம்மோனியா சால்வென்ட் என் பிரான்ஸ் பிரஷ்ல இருந்த காப்பரையே கரைச்சிருக்கு 😄

இப்ப சேம்பர் பக்கம் மட்டும் அடிக்கடி, முழு க்ளீனிங் 500 ரவுண்டு வாக்குல, அதுக்கப்புறம் 10-15 ஷாட் ஸ்கோர் பார்க்காம விடுறேன். க்ளீனிங் ராடு பின்பக்கம் இருந்து தான், போர் கைடு (ராடு நேரா போக வைக்கிற குழாய்) போட்டு, முன்னாடி இருந்து விட்டு க்ரவுன்ல (பேரல் வாயோட விளிம்பு) உரசிட்டா எந்த சால்வென்ட்டும் காப்பாத்தாது. 500ங்கறது என் பேரலுக்கு, உங்களுது வேற சொல்லலாம், நோட்டு போட்டு எழுதுங்க. நேத்தோட 480 ஆச்சு, குரூப் டைட்டா இருக்கு, இன்னும் கை வைக்கல.