மகளுக்கு ஓட்டுநர் பயிற்சி, பல்கலைக்கழக விண்ணப்பம்: ஓராண்டு பயன்படுத்திய இரு சேவைகளின் மதிப்புரை

என் மகள் பள்ளியின் இறுதி ஆண்டில் இருந்தபோது இரண்டு பெரிய வேலைகள் சேர்ந்தாற்போல் வந்தன. பல்கலைக்கழகங்கள் விண்ணப்பம் பெறத் தொடங்கிய அதே மாதத்தில் அவளுக்குப் பழகுநர் உரிமமும் கைக்கு வந்தது. இரண்டையும் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். நான் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கார் ஓட்டுபவள். ஆனால் ஓட்டத் தெரிவது வேறு, ஓட்டக் கற்றுக்கொடுப்பது வேறு என்பது, ஆளில்லாத மைதானத்தில் அவளை ஸ்டீயரிங் முன் அமர்த்திய அரை மணி நேரத்திலேயே தெரிந்துவிட்டது. கிளட்சை எந்த இடம் வரை விட வேண்டும் என்று அவள் கேட்டபோது, என் கால் யோசிக்காமல் செய்வதைச் சொல்லால் விளக்க எனக்கு வரவில்லை. விண்ணப்பத்திலும் இதே நிலைதான். நானும் அவளுடைய அப்பாவும் படித்த காலத்தில் ஒரு படிவத்தை நிரப்பி மதிப்பெண் சான்றிதழோடு கொடுத்ததுடன் வேலை முடிந்தது. இப்போதோ இணையவழிப் பதிவு, தன்விவரக் கட்டுரை, பரிந்துரைக் கடிதங்கள், நேர்காணல், உதவித்தொகைக்குத் தனி விண்ணப்பம் என்று அது பல மாத வேலையாகிவிட்டது.

ஆகவே ஒரு பயிற்சிப் பள்ளியையும் ஒரு விண்ணப்ப ஆலோசகரையும் அமர்த்தினோம். இரண்டுமே சரிவராமல், பாதியில் இரண்டையும் மாற்றினோம். நான்கு தரப்பின் பெயரையும் இங்கே எழுதவில்லை. ஒரே பள்ளியிலும் பயிற்றுநருக்குப் பயிற்றுநர் தரம் மாறுகிறது என்பதால், பெயரைவிட அவர்கள் வேலை செய்த முறையைச் சொல்வதே இதே கட்டத்தில் இருக்கும் பெற்றோருக்குப் பயன்படும் என்று நம்புகிறேன்.

முதல் பயிற்சிப் பள்ளியில் குறை என்று உடனே சொல்லும்படி எதுவும் தென்படவில்லை. கார் புதியது, பயிற்றுநர் நேரத்துக்கு வந்தார், குரலை உயர்த்தியதே இல்லை. பயிற்சிக் கார்களில் பயிற்றுநரின் பக்கத்திலும் ஒரு பிரேக்கும் ஒரு கிளட்சும் இருக்கும். எட்டு வகுப்புகள் முடிந்தபின் மகள் எங்கள் காரை ஓட்டிப் பார்த்தாள். கிளம்பும்போது மூன்று முறை எஞ்சின் அணைந்தது. திருப்பத்தில் வேகத்தைக் குறைக்கவே இல்லை. அதுவரை அவள் நன்றாக ஓட்டியதாக அவளும் நம்பினாள், நாங்களும் நம்பினோம். விசாரித்தபோது காரணம் புரிந்தது. திருப்பம் வரும்போதெல்லாம் அந்தப் பயிற்றுநர் தம் பக்கத்துப் பிரேக்கை மெல்ல மிதித்து வந்திருக்கிறார். கிளம்பும்போது கிளட்சையும் அவரே பிடித்துக்கொடுத்திருக்கிறார். அதை அவர் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. வகுப்பு பதற்றமின்றி முடிய வேண்டும் என்பதே அவருடைய கவலையாக இருந்திருக்க வேண்டும். ஆனால் கார் குலுங்குவதையும் அணைவதையும் தன் காலாலேயே உணராத ஒருத்திக்கு, கிளட்ச் பிடிக்கும் இடம் எது என்று எத்தனை வகுப்பு எடுத்தாலும் தெரியப்போவதில்லை.

இரண்டாவது பள்ளியைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே ஒரு காரணம், அவர்கள் வைத்திருந்த ஒரு சிறிய பதிவேடு. ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும், அன்று பயிற்றுநர் தம் பெடலை எத்தனை முறை தொட்டார், எந்த இடத்தில், எதற்காக என்று அதில் எழுதி, மாணவரிடம் காட்டிக் கையொப்பம் வாங்குவார்கள். முதல் நாள் மகளுக்கு ஒன்பது முறை என்று பதிவாயிற்று. அன்று அவள் முகம் வாடித்தான் வீட்டுக்கு வந்தாள். நான்காம் வகுப்பில் நான்கு, ஏழாம் வகுப்பில் ஒன்று. பத்தாம் வகுப்பு முடிந்து, "அம்மா, இன்றைக்கு அவர் தம் பெடலைத் தொடவே இல்லை" என்று வாசலிலிருந்தே சொல்லிக்கொண்டு அவள் உள்ளே வந்ததை நான் மறக்கமாட்டேன். தனக்கு என்ன வரும், என்ன வராது என்று அவளுக்கே துல்லியமாகத் தெரிந்திருந்தது. ஒரு பயிற்சிப் பள்ளியிடம் நான் எதிர்பார்ப்பதில் இதற்கு மேல் ஒன்றில்லை.

அந்தப் பயிற்றுநர் வேகத்தைப் புரியவைத்த விதத்தையும் சொல்ல வேண்டும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர் நகர்கிறது. அவர் இதைக் கணக்காகச் சொல்லாமல், காரை நிறுத்திவிட்டு அவளை இறங்கி 14 மீட்டர் நடக்கச் சொன்னார். பிறகு திரும்பிப் பார்த்து, கைப்பேசித் திரையை ஒரு விநாடி பார்த்தால் இவ்வளவு தூரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கடக்கிறோம் என்றார். ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போவதற்கே ஒன்றரை விநாடி ஆகும் என்று வைத்தால், கார் வேகம் குறையத் தொடங்குமுன்பே 20 மீட்டருக்கு மேல் போய்விடும். அதன்பின் நிற்பதற்கு வேண்டிய தூரமோ வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது. வேகம் இரட்டித்தால் அந்தத் தூரம் நான்கு மடங்காகும். இயற்பியல் பாடத்தில் இதே சமன்பாட்டைத் தேர்வுக்காகப் படித்துக்கொண்டிருந்தவள், அன்று சாலையோரம் நின்று அதைத் தன் கால்களால் அளந்து பார்த்தாள். முன்னால் செல்லும் வண்டிக்கும் தனக்கும் இரண்டு விநாடியாவது இடைவெளி விட வேண்டும், மழையில் அதை இரட்டிக்க வேண்டும் என்ற விதியை அவளுக்கு அதன்பின் யாரும் நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை.

விண்ணப்ப ஆலோசகர்கள் விஷயத்தில் நாங்கள் செய்த தவறு இதைவிடப் பெரியது, ஏனென்றால் அதைக் கண்டுபிடிக்க வெகு நாள் ஆயிற்று. முதலில் அமர்த்தியவர் மகளிடம் ஒரு மணி நேரம் பேசினார், ஒரு வினாப்பட்டியலை நிரப்பச் சொன்னார், பத்து நாளில் கட்டுரையை அனுப்பிவைத்தார். படிக்க மிக அழகாக இருந்தது. என் அறியாமையால் நானும் மகிழ்ந்தேன். அவள்தான் இரண்டு நாள் அதைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டு, "இதில் இருக்கிற பெண் யார் என்று எனக்குத் தெரியவில்லை, அம்மா" என்றாள். மாதிரி நேர்காணல் ஒன்றில், கட்டுரையின் இரண்டாம் பத்தியில் சொல்லியிருக்கும் திருப்புமுனையைப் பற்றி விரிவாகச் சொல்லுங்கள் என்று கேட்டபோது அவளால் வாய் திறக்க முடியவில்லை. பிறர் எழுதிய கட்டுரையைத் தன்னுடையது என்று உறுதிமொழி அளித்து அனுப்புவது நேர்மையற்றது. விண்ணப்பத்தில் பொய் இருப்பது தெரியவந்தால், இடம் கிடைத்த பிறகும் சேர்க்கையை ரத்துசெய்யும் உரிமை பல்கலைக்கழகங்களுக்கு உண்டு. இதையெல்லாம் நான் முன்பே அறிந்திருக்க வேண்டும். பயிற்றுநர் மிதித்த பிரேக்கை நாங்கள் பார்க்கவில்லை. இந்தக் கட்டுரையையோ கண்முன்னால் வைத்துக்கொண்டே பாராட்டினோம். அதற்காக இன்றும் வருந்துகிறேன்.

இரண்டாவது ஆலோசகர், முன்னாள் பள்ளி ஆசிரியை, முதல் சந்திப்பிலேயே ஒரு நிபந்தனை விதித்தார். ஒரு வாக்கியம்கூடத் தாம் எழுதித் தரமாட்டார், திருத்தவும் மாட்டார், ஓரத்தில் கேள்விகள் மட்டுமே எழுதுவார். மகள் எழுதிய முதல் வரைவு முழுவதும் "எனக்குச் சிறுவயது முதலே அறிவியலில் ஆர்வம்" என்ற வகையிலான வாக்கியங்களாக இருந்தது. அதன் ஓரத்தில் அவர் எழுதிய கேள்விகள்: எந்த நாள்? என்ன கையில் இருந்தது? அது வேலை செய்யாதபோது அடுத்து என்ன செய்தாய்? மூன்றாவது கேள்விக்குப் பதில் எழுத உட்கார்ந்தபோதுதான், பழைய மின்விசிறி மோட்டார் ஒன்றைப் பிரித்துவிட்டு மூன்று வாரம் திரும்பச் சேர்க்க முடியாமல் தவித்ததை அவள் எழுதினாள். அந்த மூன்று வாரமும் சாப்பாட்டு மேசையில் இடமில்லாமல் நாங்கள் பட்ட பாடு எனக்கு நினைவிருக்கிறது. அது எழுதத் தக்க செய்தி என்று எங்கள் யாருக்கும் தோன்றியதில்லை. ஐந்து வரைவுகளுக்குப் பின் வந்த கட்டுரை முதலாமவர் எழுதியதைப் போல மெருகேறியதாக இல்லை. ஆனால் எந்த வரியைத் தொட்டுக் கேட்டாலும் அவளால் ஒரு மணி நேரம் பேச முடிந்தது.

மற்ற பணிகளிலும் அவருடைய ஒழுங்கு எங்களுக்குப் பெரிதும் உதவியது. பரிந்துரைக் கடிதம் எழுதும் ஆசிரியர்களிடம் குறைந்தது ஒரு மாதம் முன்பே கேட்கவைத்தார். எல்லாச் சான்றுகளிலும் பெயர் ஓரெழுத்தும் மாறாமல் ஒரே மாதிரி இருக்கிறதா என்று முதல் வாரமே சரிபார்க்கச் சொன்னார். கடைசித் தேதியின் நள்ளிரவு என்பது எந்த ஊர் நேரத்தின்படி என்று ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் தனித்தனியே குறிக்கச் செய்தார். கடைசி நாளில் இணையதளம் நெரிசலில் திணறும் என்பதால், எங்கள் நாட்காட்டியில் ஒவ்வொரு தேதியையும் மூன்று நாள் முன்னதாகவே எழுதினோம். அவர் எங்களுக்குச் செய்த பேருதவி இன்னொன்று: நாட்காட்டி போடும்போதே, ஓட்டுநர் வகுப்புகளும் உரிமத் தேர்வும் எந்த நாட்களில் வருகின்றன என்று கேட்டார். எங்களுக்கு அது தோன்றவே இல்லை. உரிமத் தேர்வும் இரண்டு விண்ணப்பங்களின் கடைசித் தேதியும் ஒரே வாரத்தில் விழுந்திருந்தன. பயிற்சிப் பள்ளியில் கேட்டு, தேர்வைத் தள்ளிவைத்தோம். 13 முதல் 18 வயது வரை உள்ளவர்கள் நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரம் உறங்க வேண்டும் என்பது உறக்க மருத்துவர்களின் பரிந்துரை. நள்ளிரவு வரை கட்டுரை எழுதிவிட்டு விடியற்காலையில் வண்டி ஓட்டப் போகும் பிள்ளைக்கு அதில் பாதிதான் கிடைக்கும். தூக்கக் கலக்கத்தோடு ஓட்டுவது உயிருக்கே ஆபத்து என்பதால், எழுதும் வாரங்களில் காலை வகுப்புகளை அறவே நிறுத்தினோம்.

இரண்டு சேவைகளிலும் குறைகள் இல்லாமலில்லை. பயிற்சிப் பள்ளியின் அடிப்படைத் தொகுப்பில் இரவுப் பயணமோ மழைநாள் பயணமோ சேரவில்லை. கேட்ட பிறகுதான் தனிக் கட்டணத்தில் ஏற்பாடு செய்தார்கள். இது அலட்சியப்படுத்தத் தக்க குறையன்று. உரிமம் பெற்றுத் தனியே ஓட்டத் தொடங்கும் முதல் சில மாதங்களில்தான் இளம் ஓட்டுநர்களுக்கு விபத்து அபாயம் மிகுதி. இரவிலும், ஒத்த வயதினர் உடன் இருக்கும்போதும் அது மேலும் கூடுகிறது. இதனால்தான் நியூசிலாந்து 1987இல் படிநிலை உரிம முறையைக் கொண்டுவந்து, புதிய ஓட்டுநர்களின் இரவுப் பயணத்தையும் உடன் பயணிப்போரையும் கட்டுப்படுத்தியது. பின்னர் வேறு பல நாடுகளும் அவ்வழியைப் பின்பற்றின. எங்கள் வீட்டில், உரிமம் வந்த முதல் ஆறு மாதம் இருட்டிய பின் தனியாக ஓட்டுவதில்லை, நண்பர்களை ஏற்றிக்கொள்வதில்லை என்று மகளோடு பேசி முடிவுசெய்தோம். பதிவேட்டைப் பார்த்துப் பழகியிருந்ததால் அவள் அதைத் தண்டனையாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆலோசகரோ பதில் அனுப்ப நான்கைந்து நாள் எடுத்துக்கொண்டார். அந்த நாட்களில் மகள் பட்ட பதற்றம் சிறிதன்று. தமக்கு நன்கு தெரிந்த பல்கலைக்கழகங்களையே அவர் முன்வைத்தார் என்பதும் என் மனக்குறை. உதவித்தொகைக்கான கடைசித் தேதிகள் சில இடங்களில் சேர்க்கைத் தேதிக்கு முன்பே முடிவதை நாங்களாகவே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இருந்தாலும், சேர்க்கும் மாணவர் எண்ணிக்கைக்கேற்பத் தரகுத்தொகை எதையும் எந்தப் பல்கலைக்கழகத்திடமிருந்தும் பெறுவதில்லை என்று எழுத்தில் தந்தார். ஆலோசகரை அமர்த்தும் எவரும் இதை முதலில் கேட்டுவிடுவது நல்லது. இடம் நிச்சயம் என்று உறுதி தருபவரிடமிருந்து உடனே விலகிவிட வேண்டும். அந்த முடிவு பல்கலைக்கழகத்தின் கையில் இருப்பது, எந்த ஆலோசகரின் கையிலும் இல்லை.

கட்டணத்தைப் பொறுத்தவரை, இரண்டு இடத்திலும் முழுத் தொகையையும் முன்பணமாகக் கட்டாமல் வகுப்புவாரியாகக் கட்டும் வழியைத் தேர்ந்தெடுங்கள். முதல் பள்ளியிலும் முதல் ஆலோசகரிடமும் மொத்தமாகக் கட்டியிருந்ததால்தான், சரியில்லை என்று தெரிந்த பிறகும் விலகுவதற்குத் தயங்கி வாரங்களை வீணாக்கினோம்.

மகள் உரிமத் தேர்வில் இரண்டாம் முறை தேறினாள். முதல் முறை பக்கவாட்டு நிறுத்தத்தில் சக்கரம் ஓரக்கல்லில் ஏறிவிட்டது. எந்த இடத்தில் ஸ்டீயரிங்கைத் தாமதமாகத் திருப்பினாள் என்று அவளே பதிவேட்டில் எழுதினாள். விண்ணப்பித்த இடங்களில் இரண்டிலிருந்து அழைப்பு வந்தது. மிகவும் விரும்பிய இடம் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு இதே கட்டத்துக்கு வரும் மகனுக்கும் இதே இருவரைத்தான் அமர்த்தப் போகிறோம். இரவுப் பயிற்சியை இம்முறை முதல் நாளிலேயே தொகுப்பில் எழுதி வாங்கிக்கொள்வோம்; ஆலோசகரிடம், இத்தனை நாளுக்குள் பதில் என்ற ஒரு வரியையும் ஒப்பந்தத்தில் சேர்க்கக் கேட்டிருக்கிறேன். அவர் இன்னும் பதில் அனுப்பவில்லை.