ஆறு ஆண்டுகளும் ஒரு பின்கதவும்: செப்புப் பள்ளத்தாக்குப் பாதைகளில் என் வண்டி

சென்ற வாரம் என் நான்கு சக்கர இயக்க வண்டியின் பின்கதவுப் பூட்டு மூன்றாவது முறையாக இறுகிக்கொண்டது. மெக்கானிக் அதைக் கழற்றிச் செய்தித்தாளின் மேல் தட்டியபோது, முகப் பவுடரைப் போன்ற வெளிர்சிவப்புப் புழுதி ஒரு தேக்கரண்டி அளவுக்குக் கொட்டியது. அன்று மாலையே, வேலை மாற்றலாகி வட மெக்சிகோவின் மான்டெர்ரேயிலிருந்து நான் இருக்கும் பக்கமான சிவாவா நகருக்கு வரவிருக்கும் நண்பர் தொலைபேசியில் அழைத்து, இதே வண்டி, இதே ஆண்டு மாடல், நல்ல விலைக்கு வருகிறதே, வாங்கலாமா என்று கேட்டார். அப்போது இருந்த கோபத்தில் பாதிதான் சொன்னேன். மீதியை நிதானமாக எழுதுவதே அவருக்கும் வண்டிக்கும் நியாயம்.

எஞ்சின் அளவும் குதிரைத்திறனும் அவருக்கே தெரியும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். 2019-இல் இரண்டாம் கையாக வாங்கி இதுவரை 1,10,000 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன். அதில் பெரும்பகுதி செப்புப் பள்ளத்தாக்கு இருக்கும் தாராஉமாரா மலைத்தொடரில் ஓடியது. சிவாவாவிலிருந்து குவாத்தேமோக் வழியாகக் கிரேல் வரை ஏறத்தாழ 250 கிலோமீட்டரும் நல்ல தார்ச்சாலை. அதற்கு எந்தக் காரும் போதும். கிரேல் கடல் மட்டத்திலிருந்து 2,300 மீட்டருக்கு மேல் இருக்கிறது. பள்ளத்தாக்கின் அடியில் ஆற்றங்கரையில் இருக்கும் பதோபிலாஸும் உரீக்கேவும் 600 மீட்டருக்கும் கீழே. ஜனவரியில் காலையில் பனி உறைந்த பைன் காட்டிலிருந்து கிளம்பி, மாலையில் மாமரமும் பப்பாளியும் நிற்கும் தெருவில் சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்கலாம். இந்த ஏற்ற இறக்கம்தான் அங்கே போகும் எந்த வண்டிக்கும் உண்மையான சோதனை.

அந்தச் சோதனையில் இது என்னை ஒருமுறைகூடக் கைவிடவில்லை. டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் உயரத்துக்கும் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு வலுவை இழக்கும். கிரேல் அருகே ஏற்றத்தில் லாரியை முந்தும்போது அது நன்றாகவே தெரியும். ஆனால் பள்ளத்தாக்கில் முக்கியம் ஏறுவதைவிட இறங்குவதுதான். முதல் ஆண்டில் செர்ரோ தெல் கயேகோ காட்சிமுனையைத் தாண்டி உரீக்கேவுக்கு இறங்கும் மண்பாதையில், விவரம் தெரியாமல் பிரேக்கை மிதித்துக்கொண்டே போனேன். பாதி வழியில் கருகிய வாடை வந்து மிதி மெத்தென்று உள்ளே போனது. பழைய பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்வதால் அதன் கொதிநிலை குறைந்துவிடும். கொதித்து ஆவியானால் மிதியில் பிடிமானம் இருக்காது. பாதையோரம் நிறுத்தி ஒரு மணி நேரம் ஆறவிட்டு, லோ ரேஞ்சில் (நான்கு சக்கர இயக்கத்தின் தாழ்வேகக் கியர் நிலையில்) முதல் கியரைப் போட்டுக் காலை எடுத்துவிட்டேன். வண்டி தன் எஞ்சினைக் கொண்டே தன்னைப் பிடித்துக்கொண்டு, கொண்டை ஊசி வளைவுகளில் மனிதன் நடக்கும் வேகத்தில் இறங்கியது. அன்றிலிருந்து பிரேக் ஆயிலை ஆண்டுதோறும் மாற்றுகிறேன். மண்பாதை இறக்கத்தில் பிரேக்கைத் தொடுவது அரிது. (பதோபிலாஸ் சாலை போன்ற தார் இறக்கத்தில் மட்டும் நான்கு சக்கர இயக்கத்தைப் போடாதீர்கள், வளைவுகளில் முன்பின் அச்சுகள் ஒன்றையொன்று இழுத்து உள்ளே முறுக்கிக்கொள்ளும். அங்கே சாதாரண இரண்டாம் கியரே போதும்.)

இனிப் புழுதிக்கு வருகிறேன். மேற்கு சியெரா மாத்ரேயின் பெரும்பகுதி பழைய எரிமலைச் சாம்பல் இறுகிப் பாறையானது. சக்கரங்களின் அடியில் அது மாவாகிவிடுகிறது. மார்ச் முதல் ஜூன் வரை, மழைக்கு முந்தைய வறண்ட மாதங்களில், சில இடங்களில் டயர் கணுக்கால் ஆழத்துக்குப் புழுதியில் புதையும். என் வண்டியின் பின்புறம் சுவரைப் போல நிமிர்ந்தது. அப்படிப்பட்ட வண்டி ஓடும்போது முதுகுக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைந்து, எழுப்பிய புழுதி அங்கேயே சுழன்று நிற்கும். கதவில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் உள்ளே வரும். எல்லா நிமிர்ந்த முதுகு வண்டிகளுக்கும் இந்தத் தொல்லை ஓரளவு உண்டு என்பது எனக்குத் தெரியும். ஆனால் இந்த வண்டியின் பின்கதவில், இடது கீழ்மூலையில் ரப்பர் பீடிங் வளையும் இடத்தில், கதவு அதன்மேல் சரியாக அமர்வதேயில்லை. விற்பனையகத்தில் ஒருமுறை பீடிங்கைப் புதிதாக மாற்றிக் கொடுத்தார்கள். மேலே உறைபனி, கீழே கொதிக்கும் வெயில் என்று இரண்டு ஆண்டு அலைந்ததும் அது கல்லாக இறுகிப் பழைய கதைக்கே திரும்பியது. இரண்டாவது முறை கதவின் கீலைச் சரிசெய்தார்கள்; ஒரு வாரம் நன்றாக இருந்தது.

என் உடைமையும் கேமராவும் வீணானதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஏப்ரலில், உரீக்கேவிலிருந்து செரோகாவிக்கு ஏறும் வழியில், இந்த மலையின் பழங்குடியினரான ரராமுரி மூதாட்டி ஒருவரும் பேரனும் கைகாட்டினார்கள். அந்தப் பாதையில் நடந்து போகிறவர்களை ஏற்றிக்கொள்வது வழக்கம். அவர் அணிந்திருந்தது திருவிழாவுக்குப் போகிறவர் அணிவதைப் போன்ற, மடிப்பு மடிப்பாகத் தைத்த புதிய சிவப்புப் பாவாடை. முன்னால் ஒரு சரக்கு லாரி ஊர்ந்துகொண்டிருந்தது, முந்த இடமில்லை. ஒரு மணி நேரம் கழித்து அவர் இறங்கியபோது பாவாடையின் சிவப்பே தெரியவில்லை. பேரனின் இமைகள் வெளுத்திருந்தன. அவர் ஒன்றும் சொல்லாமல் பாவாடையைத் தட்டிவிட்டு, என் கையை விரல்நுனிகளால் தொட்டு நன்றி கூறிப் போனார். வெயிலில் நடந்திருந்தால்கூட இதைவிடச் சுத்தமாகப் போயிருப்பார்கள். அன்றிலிருந்து இந்தக் கதவின்மேல் எனக்கு ஏற்பட்ட கோபம் தணியவில்லை. பழைய டயர்த் துண்டை அடியில் வைத்துக் கட்டிய செருப்போடு பாதையோரம் நடப்பவர்களைக் கடக்கும்போதெல்லாம் இப்போது அவர்கள்மேல் புழுதி படாதபடி ஏறத்தாழ நின்றுவிடும் வேகத்திலேயே போகிறேன்.

நான் கண்டறிந்தவரையில் பலன் தருவது ஒன்றுதான். எல்லாக் கண்ணாடிகளையும் ஏற்றிவிட்டு, உள்காற்றையே சுழற்றும் பொத்தானை அணைத்து, வெளிக்காற்று உள்ளே வருமாறு வைத்து, புளோயரை முழு வேகத்தில் ஓடவிட வேண்டும். உள்ளழுத்தம் சற்றே கூடுவதால், இடைவெளி வழியே காற்று வெளியேறுமே தவிரப் புழுதி நுழையாது. பின் கண்ணாடியைத் திறந்தால் எல்லாம் கெட்டது. முன்னால் வேறொரு வண்டி போனால் இந்த வழியும் பலிக்காது, வெளிக்காற்றே புழுதியாகிவிடும். காற்றில்லாத பள்ளத்தில் அது அடங்கச் சில நிமிடங்கள் ஆகும். நிறுத்திக் காத்திருப்பதே நல்லது. கேபின் ஃபில்டரை ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் தட்டிச் சுத்தம் செய்கிறேன். முடிந்தால் அக்டோபரில் போங்கள்: மழை ஓய்ந்து, ஆறு ஓடிக்கொண்டிருக்கும், மலை பச்சையாக இருக்கும், புழுதி அடங்கியிருக்கும். ஜூலை முதல் செப்டம்பர் வரை மண்சரிவு. பதோபிலாஸுக்கு இறங்கும் தார்ச்சாலைகூட அப்போது பாறைகளால் அடைபடும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பத்தடுக்கு வலுவுள்ள டயர்களைப் போட்ட பிறகு பக்கவாட்டுக் கிழிசல் ஒன்றுதான் ஏற்பட்டது. மண்பாதையில் டயர்க் காற்றழுத்தத்தை 35 பிஎஸ்ஐ-இலிருந்து 25-க்கு இறக்குகிறேன். கிரேலில் டேங்கை நிரப்பாமல் இறங்குவதில்லை. இருட்டிய பின் ஓட்டுவதேயில்லை. சாலையில் பாறையும் மாடும் ஒரு காரணம் என்றால், ஆயுதக் குழுக்கள் நடமாடும் பகுதிகள் மற்றொரு காரணம். 2022 ஜூனில் செரோகாவி தேவாலயத்துக்குள்ளேயே இரண்டு இயேசு சபைக் குருக்கள் கொல்லப்பட்டார்கள். பாதை எப்படி என்று ஒவ்வொரு காலையும் விடுதிக்காரரிடம் கேட்டு, அவர் வேண்டாம் என்றால் போகாமல் இருந்துவிடுகிறேன்.

இத்தனையையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் வாங்கலாம் என்றுதான் கணக்கு வரும். எஞ்சின் உழைக்கிறது, உதிரிபாகம் குவாத்தேமோக்கிலேயே கிடைக்கிறது, இறக்கத்தில் அதன் நிதானம் நான் ஓட்டிய வேறு எந்த வண்டியிலும் இல்லை. ஆனாலும் வாங்க வேண்டாம் என்றே நண்பருக்குச் சொல்கிறேன். அவருடைய சின்ன மகளுக்கு மூச்சிரைப்பு உண்டு, அவளைப் பின்னிருக்கையில் உட்காரவைத்து உரீக்கேவுக்கு இறங்குவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. உங்களுடையதை என்னிடம் விற்றுவிடுவீர்களா என்றும் கேட்டார். அதை விற்கும் எண்ணம் எனக்கு இல்லை.

பிடிவாதமாக வாங்குவதென்றால், பணம் கொடுக்கும் முன் இரவில் ஒருமுறை போய்ப் பாருங்கள். ஒருவரைப் பின்பக்கம் உள்ளே உட்காரவைத்து, கதவைச் சாத்தி, வெளியிலிருந்து விளிம்பைச் சுற்றி டார்ச் அடியுங்கள். இடது கீழ்மூலையில் வெளிச்சம் உள்ளே தெரிந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.