கூடாரம் நல்லது, காயவைப்பதுதான் சனியன்

எங்கள் கூடாரத்தின் பின்பக்கக் கதவின் சிப் ஒருவழியாகக் கைவிட்டது. தையல்கடைக்காரர் தலையை மட்டும் மாற்றித் தந்தார். பல்லுக்கு ஒன்றுமில்லை, உலோகத் தலையைத்தான் உப்பு தின்றுவிட்டது என்றார். இந்த நேரம் பார்த்து அதே கூடாரத்தின் விலை இறங்க, திருகோணமலைக்குப் பக்கத்தில் உப்புவெளியில் மாடிவீடு வாடகைக்கு எடுத்திருக்கும் நண்பன் ஒருவன், "மச்சான், வாங்கட்டா?" என்று கேட்டுவிட்டான். நாலு பேர் படுக்கலாம், இரட்டைத் துணி என்பதெல்லாம் கடையிலேயே சொல்வார்கள். நான் சொல்வது வீட்டுக்கு வந்த பிறகு நடப்பதை.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். நிலாவெளிக் கடற்கரையில் இரவு முழுக்க ஊற்றிய மழையில் உள்ளே ஒரு சொட்டு விழவில்லை. காற்றுக்கும் நின்று பிடித்தது. அடிக்கச் சின்ன மகளின் உதவியே போதும். இதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

குறையெல்லாம் விடிந்த பிறகுதான். மேல்துணியின் உட்புறத்தில் எங்கள் மூச்சே நீராகப் பூத்திருக்கும், வெளியே பனி. வெயில் ஏறும்வரை காத்திருக்கலாம் என்றால் பிள்ளைகளுக்குப் பசி, வான்காரருக்கு அடுத்த ஓட்டம். ஈரத்தோடு சுருட்டித்தான் கொண்டுவர வேண்டும்.

வீட்டில் காயப்போட்டால் சரிதானே என்பீர்கள். கடலோரத்தில் நின்ற துணி அப்படி லேசில் காயாது. அதில் படிந்த உப்பு, காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் தானே நீரை இழுத்துக்கொள்ளும். மாரியில் எங்கள் இரவுகள் அதைத் தாராளமாகத் தாண்டும். பகலில் மொரமொரப்பாக இருந்த துணி, இரவு தொட்டுப் பார்த்தால் நசநசக்கும். ஆகவே முதலில் கழுவ வேண்டும், அதுவும் நல்ல தண்ணீரில். எங்கள் கிணறு உவர். உவர்த் தண்ணீரில் உப்பைக் கழுவி என்ன பயன்? குழாயில் வரும் கந்தளாய்க் குளத்துத் தண்ணீரை வாளி வாளியாகப் பிடித்து, சவர்க்காரம் போடாமல், மெல்லிய பஞ்சால் துடைக்க வேண்டும். சிப்புக்குப் பழைய பல்துலக்கி.

மணலைப் பற்றி ஒன்று. நிலாவெளி மணல் உதறினால் போய்விடும். புல்மோட்டைப் பக்கம் போய்வந்தால்தான் கூத்து. அங்கே கருமணல், இல்மனைட் என்ற கனிமம். சாதாரண மணலைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு கனம். உதற உதற, வெள்ளை மணல் பறக்கும், கறுப்பு மட்டும் தரைத்துணியின் நாலு மூலைத் தையலிலும் இறங்கிக் குந்திக்கொள்ளும். கூடாரத்தை உள்வெளியாகப் புரட்டி, மூலைகளை விரலால் வெளியே தள்ளி, வாசலில் நின்று தட்டினால்தான் கொஞ்சமாவது வரும். மிச்சம் அடுத்த பயணத்தில் முதுகைக் குத்தும்.

கழுவியதை எங்கே போடுவது? நல்ல வெயிலில் நெடுநேரம் விட்டால் துணி நைந்துபோகும், நிழலும் காற்றும் வேண்டும். வீட்டுக் கொடியில் அம்மாவின் சேலைகளுக்குத்தான் முதலிடம். ஒருமுறை திருகோணமலைக் கோட்டைப் பக்கம் இருக்கும் அத்தான் வீட்டு மதிலில் கழுவாமலே விரித்துவிட்டு வந்தோம். திரும்பிப் போனால், ஊர் சுற்றும் மானொன்று இழுகயிற்றைச் சாவகாசமாக மென்றுகொண்டு நிற்கிறது. உப்புருசி போல. கயிறு போனதுதான் மிச்சம், மானுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அத்தான் சொன்னார்.

ஈரத்தோடு மூடி வைத்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு: முதலில் கறுப்புப் புள்ளியாகப் பூஞ்சணம், அது தேய்த்தாலும் போகாது. அப்புறம் தண்ணீர் புகாமலிருக்க உட்புறத்தில் பூசியிருக்கும் பொலியூரித்தேன் பூச்சு, ஈரத்தில் மெல்ல மெல்லச் சிதைந்து பிசுபிசுக்கும். குழந்தை கக்கிய பாலின் மணம் வரும். அந்த மணம் வந்த கூடாரத்துக்கு வைத்தியம் தேடுவதைவிட வேறொன்று வாங்குவது மேல்.

இவ்வளவும் சொல்லிவிட்டு கச்சான் காற்றைச் சொல்லாமல் விட்டால் பாவம். வைகாசி, ஆனியில் அந்தக் காற்று எழும்பும்போது மாமரத்துக்கும் கிணற்றுக் கட்டுக்கும் நடுவே கயிறு கட்டி மேல்துணியை மாட்டிவிட்டு, தேத்தண்ணி போட உள்ளே போய் வந்தால் போதும். துணி படபடவென்று அடித்துக்கொண்டு நிற்கும், தையலோரம் வரை உலர்ந்திருக்கும். அந்த நாட்களில் இதைவிட நல்ல சாமான் உலகத்தில் இல்லை என்று தோன்றும்.

இன்னொரு கடுப்பு, கூடவே வரும் உறை. புதிதாக வந்தபோது எந்த மந்திரவாதி மடித்து வைத்தாரோ! முழங்காலால் அமத்தி, மனைவி பிடிக்க நான் இழுக்க, இறுதியில் ஆணிப்பை வெளியே கிடக்கும். இப்போது அரிசி வந்த உரப்பையில் தளர்வாகப் போட்டு அலுமாரிக்கு மேல் வைத்திருக்கிறோம். துணிக்கும் அதுதான் நல்லது.

சரி, வாங்கலாமா? முற்றமும் நல்ல தண்ணீரும் இல்லாத மாடிவீட்டுக்காரன் வாங்கவேண்டாம், விலை பாதியானாலும். கார்த்திகை மழையில், வரவேற்பறைக் கதிரைகள் மேல் விரித்த கூடாரத்தைப் பார்த்துக்கொண்டு எழுதுகிறேன், ஆனியில் கேட்டிருந்தால் வேறு பதில் வந்திருக்கும். அப்படியானால் உன்னுடையதைக் குறைந்த விலைக்குத் தா என்று நண்பன் கேட்கிறான். அதைத் தரமாட்டேன்.