கைராசி இல்லை என்று சொல்லி ஏமாற்றிய மீன் தொட்டிக் கடை

சேலத்தில் புதிதாக மீன் தொட்டி வாங்குபவர்கள், கடையிலிருந்து ஆள் அனுப்பி வாரந்தோறும் சுத்தம் செய்து தருவதாகச் சொன்னால் ஒப்புக்கொள்ளும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

அம்மாப்பேட்டையிலுள்ள எங்கள் வீட்டுக்கு 2 அடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள தொட்டி ஒன்றை நகரிலுள்ள ஒரு கடையில் வாங்கினேன். விளிம்புவரை ஊற்றினாலும் 56 லிட்டருக்கு மேல் கொள்ளாத அதில், அன்றைக்கே ஆறு தங்கமீன்களை விட்டுவிட்டுப் போனார்கள். மூன்றாம் நாள் தண்ணீர் அரிசி களைந்த கழுநீர்போல் கலங்கியது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. கடைக்குப் பேசியதும் ஆள் வந்தார், ஒரு தடவைக்கு 400 ரூபாய்.

வந்த தம்பி தண்ணீர் முழுவதையும் இறைத்துக் கொட்டினார். பில்டர் பஞ்சைக் குழாயடியில் பிடித்து, பழுப்புச் சாறு நின்று பஞ்சு வெளுக்கும்வரை பிழிந்தார். குழாய்த் தண்ணீரையே நிரப்பி, நீல மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார். தொட்டி பளிச்சென்று ஆனதில் எனக்கும் மகிழ்ச்சிதான். நான்கு வாரம் இப்படியே நடந்தது, நான்கு மீன்கள் செத்தன.

அடுத்த முறை அவர் வருவதற்கு முந்தின நாள், டெஸ்ட் கிட் வாங்கி அமோனியாவைச் சோதித்தேன். அமோனியா இல்லையென்றால் சோதனைக் குப்பியில் மஞ்சளாக நிற்க வேண்டிய நீர் கரும்பச்சையானது. மீனின் செவுளும் கழிவும் மிஞ்சிய தீனியும் தரும் அமோனியாவை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டாகவும், பிறகு அதிகக் கெடுதலில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதுத் தொட்டியில் அவை பெருகுவதற்கு 4 முதல் 6 வாரம் பிடிக்கும். அவை பெரும்பாலும் குடியிருப்பது அந்தப் பஞ்சில். அழுக்கென்று குளோரின் தண்ணீரில் பிழிந்து விட்டது அவற்றைத்தான்.

குப்பியைக் கொண்டுபோய்க் காட்டினேன். கடைக்காரர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், “மீன் வளர்க்கக் கைராசி வேணும் சார்” என்றார். போர் தண்ணீர் விட்டுப் பார்க்கவும் சொன்னார். எங்கள் தெருப் போர் தண்ணீர் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும் கடினநீர், காரத்தன்மையும் கூடியது. காரம் ஏற ஏற அமோனியாவின் நஞ்சும் ஏறும் என்பது மீன் விற்பவருக்குத் தெரியாதா? கொடுத்த 1,600 ரூபாயில் ஒரு காசும் திரும்பவில்லை.

அதன்பின் தீனியைக் குறைத்து, இரண்டு நாளுக்கொருமுறை கால்பங்கு நீரை மட்டும் குளோரின் நீக்கி மாற்றினேன். தொட்டியிலிருந்து எடுத்த வாளி நீரிலேயே பஞ்சை இலேசாக அலசினேன். ஆறாவது வாரம் குப்பி மஞ்சளாகவே நின்றது. மிஞ்சிய இரண்டு மீன்களுக்கும் இந்தத் தொட்டி சிறிதுதான் என்பதால், பெரிதாக ஒன்றை வேறு கடையில் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.