ஆட்சியர் அலுவலகத்துக்கு வெளியே ஒரு மடக்கு மேசை: மனு எழுதித் தருபவர் எப்படி?

மதுரை அண்ணா பேருந்து நிலையத்தில் இறங்கி ஆட்சியர் அலுவலகம் பக்கம் நடந்தால், திங்கட்கிழமைகளில் மேசை போட்டு மனு எழுதித் தருகிறவர்களைப் பார்க்கலாம். அவர்களில் வேப்பமரத்தடியில், மடக்கு மேசையும் கறுப்புக் குடையுமாக உட்கார்ந்திருக்கும் பெரியவரைப் பற்றியது இந்த மதிப்புரை. பெயர்ப்பலகை கிடையாது. பெயர் போட வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். கூட்டம் சேர்ந்தால் கையெழுத்து கெட்டுவிடுமாம். ஒரு பக்க மனுவுக்கு 60 ரூபாய். தகவல் உரிமைச் சட்ட விண்ணப்பத்துக்கு 80. அஞ்சலட்டைக்குக் கூலி வாங்குவதில்லை, டீ வாங்கிக் கொடுத்தால் மறுப்பதில்லை.

நான் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்திப் பிழைத்தவன். மனு எழுதத் தெரியாமல் அவரிடம் போகவில்லை. நானே எழுதிக் கொடுத்த மனுக்களுக்கெல்லாம் ‘உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது’ என்ற ஒற்றை வரியே பதிலாக வந்துகொண்டிருந்தது. மனு எங்கே அனுப்பப்பட்டது, யாருக்கு, அவர் என்ன செய்தார் என்பதை எந்த அலுவலகமும் எனக்குச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்தான், “அண்ணே, அந்த மரத்தடிக்காரரிடம் ஒருமுறை கொடுத்துப் பாருங்கள்” என்றார்.

என் வழக்கு இது. 2024 அக்டோபர் மழையில் செல்லூர்ப் பகுதியில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்த செய்தி பலருக்கு நினைவிருக்கும். எங்கள் சந்துப் பக்கமாக ஓடும் கால்வாயின் தடுப்புச்சுவர் அந்த மழையில் சரிந்தது, பிறகு யாரும் கட்டவில்லை. இதைச் சொல்ல நான் கொண்டுபோனது இரண்டு முழுத் தாள். வைகையில் தொடங்கியிருந்தேன். கண்மாய்கள் எப்படிக் கட்டடங்களாக மாறின, உலகனேரிக் கண்மாயில் என்ன எழுந்தது, வரி கட்டுகிறவன் எதற்குக் கட்டுகிறான் என்றெல்லாம் போய், இரண்டாம் தாளின் கடைசிப் பத்தியில்தான் எங்கள் சந்து வந்தது. நடை நன்றாக இருந்தது என்று இப்போதும் சொல்வேன்.

பெரியவர் இரண்டு தாளையும் முழுக்கப் படித்தார். வரிசையில் ஆட்கள் நின்றபோதும் அவசரப்படவில்லை. பிறகு கேள்விகள் தொடங்கின. எந்த வீட்டு எண்ணிலிருந்து எந்தச் சிறுபாலம் வரை சுவர் இல்லை? எத்தனை அடி? எந்தக் கரை? பள்ளிப் பிள்ளைகள் அந்த வழியாகப் போகிறார்களா? முன்பு கொடுத்த மனுக்களின் எண் எங்கே? ஒப்புகைச் சீட்டுகளை வைத்திருந்தேன், நல்லவேளை. அடி கணக்கு என்னிடம் இல்லை. “ஐயா, அளந்துகொண்டு வாருங்கள். எழுதுவது கால் மணி நேர வேலை” என்று திருப்பி அனுப்பிவிட்டார். உலகனேரி என்ன ஆயிற்று என்று கேட்டேன். “நீங்கள் எழுதியது அத்தனையும் சரி. ஆனால் இந்தத் தாள் கடைசியில் போய்ச் சேர்வது ஓர் உதவிப் பொறியாளர் மேசைக்கு. உலகனேரியை அவர் என்ன செய்வார், பாவம்?”

அடுத்த வாரம் எழுதிக் கொடுத்தது ஒரே பக்கம். அனுப்புநர், பெறுநர், பொருள். ‘பார்வை’ என்ற இடத்தில் பழைய மனு எண்கள் தேதி வாரியாக. ஒரு பெயரடை இல்லை, ஒரு கோபம் இல்லை. கடைசிப் பத்தியில் இரண்டே கோரிக்கை: இடத்தை நேரில் வந்து அளக்க வேண்டும், மதிப்பீடு தயாரிக்கப்பட்டதா, இல்லையென்றால் எப்போது தயாராகும் என்று எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ‘உரிய நடவடிக்கை’ என்று பதில் எழுதினால் இந்த இரண்டில் எதற்கும் அது பதிலாகாது. அப்படி நழுவ முடியாதபடிதான் அவர் மனுவைக் கட்டியிருக்கிறார். மெய்ப்புத் திருத்துகிற கண்ணோடு மூன்று முறை படித்தேன்; ஒரு சந்திப் பிழையைத் தவிர ஒன்றும் அகப்படவில்லை.

பலன்? சில வாரங்களில் இளம் பொறியாளர் ஒருவர் அளவு நாடாவோடு வந்தார். என் மனுவிலிருந்த அடியும் அவர் அளந்த அடியும் ஒத்துப்போனதில் அவருக்கே வியப்பு. மணல் மூட்டைகள் அடுக்கினார்கள். மதிப்பீடு அனுப்பப்பட்டதாகக் கடிதம் வந்தது. சுவர் இன்னும் எழும்பவில்லை. 60 ரூபாய்க்கு இது அதிகமா குறைவா என்பதை அவரவர் அனுபவம் சொல்லட்டும்.

நான் இந்த மேசையைப் பற்றி எழுத உட்கார்ந்ததற்கு என் கால்வாய் மட்டும் காரணமில்லை. அங்கே காத்திருக்கும் பெஞ்சில் காதில் விழுவது வேறெங்கும் கிடைக்காது. சொந்தக் குறையோடு வருகிறவர்கள்தான் பெரும்பாலோர்: பட்டா, முதியோர் உதவித்தொகை, மகளிர் உரிமைத் தொகை. ஆனால் ஊருக்காகவும் நாட்டுக்காகவும் ஆத்திரப்பட்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களை இவர் கையாளுகிற விதம்தான் இந்தச் சேவையின் சிறப்பு.

ஒரு நாள் தனக்கன்குளம் பக்கத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார். தோப்பூர் எய்ம்ஸ் மருத்துவமனை பற்றிப் பிரதமருக்கு எழுத வேண்டும். 2019 ஜனவரி 27 அன்று அடிக்கல் நாட்டியபோது கூட்டத்தில் நின்றவராம். 2022-இல் முதல் ஆண்டு மாணவர்கள் சேர்ந்து, வகுப்புகள் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில் நடந்ததைச் சொல்லிச் சொல்லி மாய்ந்தார். “ஏன் இத்தனை தாமதம் என்று நன்றாகக் கேட்டு எழுதுங்கள்” என்றார். பெரியவர் பேனாவை மூடிவிட்டார். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டாலும் அது கோப்பில் இருப்பதைத்தான் தரும், ஏன் என்பதற்கு விளக்கம் சொல்ல யாரையும் கட்டாயப்படுத்தாது என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். அந்த ‘ஏன்’ கலைந்து இப்படி ஆனது: ஒப்பந்தம் கையெழுத்தான தேதி, பணி முடிக்க வேண்டிய தேதி, கால நீட்டிப்பு கொடுத்திருந்தால் அந்த ஆணையின் நகல், இதுவரை செலவான தொகை. நான்கு வரி. “இந்த நாலும் கைக்கு வந்தால் ஏன் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்” என்றார்.

தகவல் உரிமை விண்ணப்பத்துக்கு அரசுக் கட்டணம் பத்து ரூபாய். அதை எப்படிக் கட்டுவது என்பதில்தான் படித்தவர்களே சறுக்குகிறார்கள். தமிழ்நாட்டு அரசு அலுவலகம் என்றால் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும்; மத்திய அரசு அலுவலகத்துக்கு அது செல்லாது, இந்தியன் போஸ்டல் ஆர்டர் வேண்டும். இரண்டையும் ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருக்கிறார், முகவிலைக்கே தருகிறார். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு என்பதையும் நகலின் பின்பக்கம் பென்சிலால் தேதி போட்டே கொடுத்துவிடுகிறார். எழுதப் படிக்கத் தெரியாதவர் வாயால் சொன்னாலும் அதை எழுத்தில் கொண்டுவரத் தகவல் அலுவலரே உதவ வேண்டும் என்று 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. அதைச் சொல்லி ஒரு மூதாட்டியிடம் காசு வாங்காமல் உள்ளே அனுப்பினார். சற்று நேரத்தில் அந்த அம்மா திரும்பி வந்தார். பெரியவர் ஒன்றும் பேசாமல் எழுதிக் கொடுத்தார்.

மெட்ரோ விவகாரம் வெடித்த நாட்களில் பெஞ்சில் உட்கார இடமில்லை. மதுரை, கோவைத் திட்டங்களை மத்திய அரசு 2025 நவம்பரில் திருப்பி அனுப்பியபோது, இருபது லட்சம் மக்கள்தொகை இல்லை என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. 2011 கணக்கை வைத்துக்கொண்டு இன்றைய மதுரையை எப்படி அளக்கலாம் என்று ஓர் ஆட்டோ ஓட்டுநர் கேட்டார். திருமங்கலத்திலிருந்து ஒத்தக்கடை வரை ரயில் ஓடினால் உன் பிழைப்பு என்ன ஆகும் என்று இன்னொருவர் அவரையே மடக்கினார். ஓட்டுநர் அசரவில்லை, ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு யார் கொண்டுபோய் விடுவார்களாம்? இந்த மாதிரி ஆட்களுக்குப் பெரியவர் மனு எழுதுவதில்லை. 50 காசு அஞ்சலட்டையை நீட்டுகிறார். உங்கள் கருத்தை நீங்களே சொல்லுங்கள், ஆறு வரிக்குள் எழுதித் தருகிறேன், கையெழுத்தை மட்டும் நீங்கள் போடுங்கள் என்பது ஏற்பாடு. திட்டினாலும் எழுதுவார், பாராட்டினாலும் எழுதுவார், கட்சி பார்ப்பதில்லை. எதிரெதிர்க் கருத்துள்ள இரண்டு பேர் ஒரே அமைச்சருக்கு ஒரே மேசையிலிருந்து அட்டை போட்டதைக் கண்டேன். “இதையெல்லாம் படிப்பார்களா?” என்று கேட்டேன். “எண்ணுவார்கள்” என்றார். எனக்கு அதில்கூட நம்பிக்கை இல்லை.

ஊரே திரண்டு வந்தால் எழுத மறுத்துவிடுகிறார். மேசையின் முன்பக்கம் ஓர் அட்டை தொங்குகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கிராம சபை கூடும் நாட்கள். அங்கே போய்த் தீர்மானமாகப் போடுங்கள் என்று வேனோடு வந்தவர்களைத் திருப்பி அனுப்புகிறார். அவர் காட்டும் சான்று மேலூர்ப் பக்கத்து டங்ஸ்டன் சுரங்கம். நாயக்கர்பட்டி சுரங்கப் பகுதி ஏலம் போன செய்தி 2024 நவம்பரில் வந்தது. அந்த ஆண்டு நவம்பர் 1-இலிருந்து 23-ஆம் தேதிக்குத் தள்ளிப்போன கிராம சபைகளில் எதிர்ப்புத் தீர்மானங்கள் நிறைவேறின. டிசம்பர் 9 அன்று சட்டமன்றத் தீர்மானம். 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் தலைமை அஞ்சலகத்துக்கு மக்கள் நடந்தே வந்தார்கள். 23-ஆம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. “அதில் என் மேசைக்கு ஒரு தாள் வேலைகூட வரவில்லை” என்று சொல்லும்போது அவருக்கு முகமெல்லாம் மலர்கிறது. நகரத்துக்காரனுக்கு என்ன வழி என்று கேட்டதற்குப் பகுதி சபை என்றார். 2022 நவம்பர் 1-இல் தொடங்கியது. எங்கள் தெருவில் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

குறைகளுக்கு வருகிறேன். தேதியும் தெருவும் சரியாக எழுதுகிறவர், ‘சமூகத்திற்கு சமர்ப்பிக்கும் பணிவான விண்ணப்பம்’ என்ற பழைய கும்பிடை மட்டும் விட மறுக்கிறார். குடிமகன் ஏன் குனிந்துகொண்டே நுழைய வேண்டும் என்று சண்டையே போட்டுப் பார்த்தேன். “நாலு வார்த்தை பணிந்தால் நாற்பது வார்த்தை நிமிர்ந்து எழுதலாம்” என்கிறார். எனக்கு உடன்பாடில்லை. ஆங்கிலத்தில் எழுதித் தர மாட்டார். டெல்லியிலிருந்து ஆங்கிலத்தில் பதில் வந்தால் படித்துச் சொல்ல வேறு ஆளைத் தேட வேண்டும். இணையத்தில் மனு பதிவு செய்வது, 1100 எண்ணில் புகார் சொல்வது எதையும் அவர் தொடுவதில்லை. மொட்டைக் கடிதம் எழுத மாட்டார் என்பதைக் குறை என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அது நிறை. மகளிர் உரிமைத் தொகை மறுக்கப்பட்டு வரும் பெண்களிடம், 30 நாளுக்குள் இ-சேவை மையத்தில் மேல்முறையீடு செய்யுங்கள், இங்கே காசைப் போடாதீர்கள் என்று சொல்லிவிடுகிறார். பக்கத்து மேசைக்காரருக்கு இதில் ஏக வருத்தம்.

போகிறவர்கள் ஒன்பது மணிக்கு முன்னால் போய்விடுங்கள். பத்துக்கு மேல் வாசலில் போலீசார் பை சோதிக்கும் வரிசை நீண்டுவிடும். சில ஊர்களில் விரக்தியில் மண்ணெண்ணெயோடு வந்தவர்களால் வந்த சோதனை அது, முகம் சுளிக்க வேண்டாம். ஆதார் நகல், பழைய ஒப்புகைச் சீட்டுகள், இடத்தின் அளவு இவற்றைக் கையோடு கொண்டுபோங்கள். விண்ணப்பத்தைத் தபாலில் அனுப்புவதாக இருந்தால், 2025 செப்டம்பரிலிருந்து பதிவுத் தபால் விரைவுத் தபாலோடு சேர்ந்துவிட்டது. அவர் பழக்கத்தில் பழைய கட்டணத்தையே சொல்வார், அஞ்சலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். போனில் பணம் அனுப்ப முடியாது. நூறு ரூபாய்த் தாளை நீட்டினால் சில்லறைக்கு எதிரிலிருக்கும் ஜெராக்ஸ் கடைக்கு உங்களைத்தான் அனுப்புவார்.