நோட்டிஃபை: குழு அறிவிப்புக்கு ஏற்ற எளிய சேவை

"மோட்டார் பழுது, மாலை 5 மணிக்குத்தான் தண்ணீர் வரும்." ஒருவர் சொல்ல, குடியிருப்பு முழுக்கக் கேட்க வேண்டிய இப்படிப்பட்ட செய்தி வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் புதைந்துவிடும். இந்த வேலைக்கு, போனுக்கு அறிவிப்பு அனுப்பும் சேவையான நோட்டிஃபை நன்றாகப் பொருந்துகிறது. என், டி, எஃப், ஒய் (ntfy) என்று நான்கே ஆங்கில எழுத்தில் பெயரை எழுதுகிறார்கள். மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் திறமூல மென்பொருள். ஆண்ட்ராய்டு, ஐபோன், பிரவுசர் மூன்றிலும் செய்தி வந்து சேரும்.

ஒரு டாபிக் (செய்தி போகும் அலைவரிசை) பெயரை வைத்து, அந்த முகவரிக்கு ஒரு போஸ்ட் கோரிக்கை (இணையம் வழியே தரவை அனுப்பும் முறை) அனுப்பினால் போதும். கட்டளை வரியிலிருந்து கோரிக்கை அனுப்பும் கர்ல் கருவியில் கட்டளை ஒரே வரிதான். நோட்டிஃபையின் பொதுச் சர்வரில் (ntfy.sh) கணக்கே தேவையில்லை. அதனால் டாபிக் பெயரேதான் கடவுச்சொல். 'thanneer' என்று வைத்தால் யாரும் படிக்கலாம், யாரும் அனுப்பலாம். ஊகிக்க முடியாத நீண்ட பெயராக வையுங்கள்.

சொந்த சர்வரில் டாக்கர் (மென்பொருளைப் பொதியாக இயக்கும் கருவி) மூலம் ஏற்றுவது பத்து நிமிட வேலை. கோளாறெல்லாம் அமைப்புக் கோப்பில்தான். செய்திகளைச் சேமிக்கும் கேஷ்-ஃபைல் கொடுக்காவிட்டால் செய்திகள் நினைவகத்தில் மட்டுமே இருக்கும், ரீஸ்டார்ட் ஆனால் போச்சு. கொடுத்தாலும் இயல்பாக 12 மணி நேரம்தான் வைத்திருக்கும். இரவெல்லாம் போனை அணைத்து வைப்பவர்களுக்காக இந்த நேரத்தை நிர்ணயிக்கும் கேஷ்-டியூரேஷனைக் கூட்டுங்கள். பயனர்களும் அனுமதிகளும் பதியப்படும் ஆத்-ஃபைல் கொடுத்து, ஆத்-டிஃபால்ட்-ஆக்சஸை 'டினை-ஆல்' (யாருக்கும் அனுமதி இல்லை) ஆக்கி, அறிவிப்பு டாபிக்கை மட்டும் எல்லோரும் படிக்கத் திறந்துவிடுங்கள். கோரிக்கைகளை வாங்கிக் கடத்தும் என்ஜின்எக்ஸ் போன்ற இடைச் சர்வர் முன்னால் இருந்தால் பிஹைண்ட்-ப்ராக்ஸி அமைப்பு கட்டாயம். இல்லையென்றால் எல்லோரையும் ஒரே ஆளாக எண்ணி, கோரிக்கை வரம்பு தாண்டியதாக 429 பிழை காட்டும். ஐபோன்காரர்களுக்கு உடனே மணி அடிக்க, அப்ஸ்ட்ரீம்-பேஸ்-யூஆர்எல்லில் பொதுச் சர்வரின் முகவரி வேண்டும். செய்தியின் உள்ளடக்கம் அங்கே போவதில்லை, 'வந்து எடுத்துக்கொள்' என்ற தட்டல் மட்டுமே போகும்.

தமிழில் அனுப்புவோர் கவனிக்க வேண்டியவை இரண்டு. செய்தியின் அளவு வரம்பு 4096 பைட். எழுத்துகளைக் கணினியில் பதியும் முறையான யுடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். 'கு' என்றாலே ககரமும் உகரக் குறியும் சேர்ந்து 6. ஆங்கிலத்தில் அடங்கும் நீளம் தமிழில் அடங்காது. அடுத்தது தலைப்பு. அது கோரிக்கையின் மேற்குறிப்புப் பகுதியான ஹெடரில் போகிறது. பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரியில் தமிழ்ச் சரத்தை அப்படியே ஹெடரில் வைத்தால் என்கோடிங் பிழை வரும். தலைப்பையும் செய்தியையும் ஜேசன் என்ற தரவு வடிவத்தில் அனுப்பினால் சிக்கல் தீர்ந்தது. ஆனால் அதை டாபிக் முகவரிக்கு அனுப்பக் கூடாது. சர்வரின் மூல முகவரிக்கு அனுப்பி, டாபிக்கை ஜேசனுக்குள்ளே எழுத வேண்டும். மாற்றி அனுப்பினால் போனில் அடைப்புக்குறியும் மேற்கோளுமாகக் கொட்டும்.

செய்திக்குத் தரும் முன்னுரிமை 1 முதல் 5 வரை. 5ஐ அவசரத்துக்கு மட்டும் வையுங்கள். தினமும் அலறினால் ஆட்கள் ஆப்பையே மௌனமாக்கிவிடுவார்கள்.

யார் படித்தார்கள் என்று காட்டும் வசதி இதில் கிடையாது. ஒவ்வொருவரிடமும் ஒப்புதல் வாங்க வேண்டிய விஷயத்துக்குப் போன் போட்டுக் கேட்பதுதான் சரி.