பழைய ஃபைபர் படகைச் சீரமைப்பதா, புதிதாகக் கட்டுவதா?

சோழமண்டலக் கரையில் அவுட்போர்டு எஞ்சின் (படகின் பின்னால் வெளியே மாட்டுவது) வைத்துச் சிறு அளவில் மீன்பிடிக்க நினைப்பவருக்கு இரண்டு வழிகள் உண்டு. மணலில் கிடக்கும் பழைய ஃபைபர் படகைக் குறைந்த விலைக்கு வாங்கிச் சீரமைக்கலாம். அல்லது பட்டறையில் சொல்லிப் புதிதாகக் கட்டிக்கொள்ளலாம். கேட்கும் விலையை மட்டும் பார்த்தால் பழையதுதான் மலிவு. ஆனால் கடலில் இறக்கும் நாள்வரை ஆகும் மொத்தச் செலவையும், அதுவரை தொழில் இல்லாமல் போகும் நாட்களையும் சேர்த்தே இரண்டையும் எடைபோட வேண்டும்.

பழைய படகில் நான் முதலில் பார்ப்பது அமரத்தை, அதாவது படகின் பின்பகுதியைத்தான். எஞ்சினைத் தாங்கும் பின்பலகைக்குள் பெரும்பாலும் மரமோ பிளைவுட்டோ வைத்து, இருபுறமும் ஃபைபர் போர்த்தியிருப்பார்கள். போல்ட் துளைகள் வழியே நீர் இறங்கி உள்ளே மரம் உளுத்துப்போயிருந்தாலும், மேலே பெயின்ட் பளபளப்பாகவே இருக்கும். சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தால் நல்ல இடத்தில் ஓசை கணீரென்றும், ஊறிய இடத்தில் மந்தமாகவும் கேட்கும். எஞ்சினைப் பிடித்து ஆட்டும்போது பலகையும் சேர்ந்து அசைந்தால், மேலே பூசி மூடுவதில் பயனில்லை. ஒரு பக்க ஃபைபரை அறுத்தெடுத்து, உள்மரம் முழுவதையும் மாற்றியாக வேண்டும்.

அடுத்தது ஏரா, அதாவது படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு. துறைமுகம் இல்லாத ஊர்களில் படகு நாள்தோறும் மணலில் இழுபடுவதால், அடிப்பாகத்தின் ஜெல்கோட் (வழவழப்பான மேற்பூச்சு) தேய்ந்து, இழைகள் வெளித்தெரிந்து நீரை உறிஞ்சத் தொடங்குகின்றன. விரிசல் ஆழமாக இறங்கியிருந்தால் அதன் மேல் ஒரு மேட் (கண்ணாடி இழை விரிப்பு) ஒட்டுவது போதாது. விரிசலைச் சுற்றிலும் தடிமனைப் போல 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்த்து, அதன் பிறகே அடுக்கடுக்காக ஒட்ட வேண்டும், 6 மி.மீ. தடிமனுக்கு ஒவ்வொரு பக்கமும் 72 மி.மீ. என்று கணக்கிட்டால் வேலையின் அளவு புரியும். ஈரம் முழுதாகக் காயாத ஃபைபரில் இழைகளை ஒட்டும் பிசினான பாலியெஸ்டர் ரெசின் சரியாகப் பிடிக்காது. (தேய்க்கும் தூசியைச் சுவாசிப்பது நுரையீரலுக்குக் கேடு, முகமூடி இல்லாமல் இளைஞர்கள் இந்த வேலையைச் செய்வதைக் காணும்போது மனம் பதறுகிறது.)

ஆகவே, அமரமும் ஏராவும் உறுதியாக இருந்து மேற்பூச்சும் விளிம்பும் மட்டும் பழுதான படகென்றால், தயங்காமல் பழையதையே வாங்கலாம். பின்பலகை மட்டும் போயிருந்தால், அந்த வேலையின் முழுச் செலவையும் கழித்து விலை பேச வேண்டும். இரண்டுமே போன உடலை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் நான் வாங்க மாட்டேன்.

காலமும் ஒரு செலவுதான். படகு காயவும் ரெசின் இறுகவும் ஏற்றவை வெயில் மாதங்கள். ஆனால் விசைப்படகுகள் நிற்கும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில்தான் சிறுபடகு மீனுக்கு நல்ல விலை கிடைக்கிறது. வருமானம் வரும் அந்த நாட்களில் படகைக் கவிழ்த்துப்போட்டுத் தேய்த்துக்கொண்டிருப்பது பெரிய இழப்பு. வடகிழக்குப் பருவமழைக்குத் தள்ளிப்போட்டாலோ ஈரம் வேலையைக் கெடுத்துவிடும்.

புதிய படகில் இந்தக் காத்திருப்பு குறைவு. ஆனாலும் புதியது என்பதாலேயே தரமானதாகிவிடாது. 2004 சுனாமிக்குப் பின் அவசரமாகக் கட்டப்பட்ட பல படகுகளின் தரம் அப்போதே கேள்விக்குள்ளானது. பட்டறையில் கட்டும்போது பக்கத்தில் நின்று எத்தனை மேட், எத்தனை ரோவிங் (நெய்த கண்ணாடி இழைத் துணி) போகிறது, காற்றுக் குமிழிகளை உருளையால் ஒழுங்காக வெளியேற்றுகிறார்களா என்று பார்க்க முடிவதே புதிய படகின் உண்மையான பலன் என்பேன். அப்படி நின்று பார்க்க முடியாதவருக்கு, பல ஆண்டுகள் அலையில் அடிபட்டும் அமரம் அசையாத பழைய படகே கூடுதல் நம்பிக்கை தரும்.

பழைய படகுக்கு முன்பணம் கொடுக்கும் முன் பதிவுச் சான்றை வாங்கிப் பார்த்து, அதிலுள்ள எண்ணும் படகில் எழுதியிருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று சரிபார்த்துக்கொள்ள வேண்டும். விற்பவர் பெயர் மாற்றத்துக்குக் கையெழுத்திடத் தயங்கினால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.